முள்ளம்பன்றிக்கு ஓராண்டு

அட்டவணைக்காரரிடம் வழி கேட்டவர்கள் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தைத் தொட வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதுவதுதான் பேருந்துப் பணிமனையில் அவருக்கு வேலை. வீட்டிலும் அதே கைதான். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பணிமனைக்குக் கிளம்பியவர், சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார். கூரான பென்சில்; எறும்பு ஊர்வது போன்ற எழுத்து.

‘9.12 ஏறுக. மூன்றாம் நிறுத்தம் இறங்குக. 9.31 அடுத்த வண்டி. திரும்ப: 1.35.’

‘திரும்ப’ என்பதன் கீழே மட்டும் இரண்டு கோடு. போகிறவர்கள் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள், திரும்பி வருவதில்தான் கோட்டை விடுவார்கள் என்பது அவர் கட்சி. திரும்பும் நேரம் எழுதாமல் அவர் யாருக்கும் சீட்டுக் கொடுத்ததே இல்லை.

அவர் மனைவி அந்தச் சீட்டை மடித்துக் கைப்பைக்குள், ஸ்குரூ டிரைவருக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டாள். பதினொரு கட்டடங்களின் லிஃப்ட்டுகளைப் பழுது பார்க்கிறவள். தெருவுக்கு அவள் லிஃப்ட்டம்மா. விடுமுறை நாளிலும் அந்த ஸ்குரூ டிரைவர் அவளை விட்டுப் பிரியாது.

ஒரு வாரமாகவே அவளுக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. மகள் சுண்டுவின் கட்டிலுக்கு அடியில் பெருக்கப் போனவளின் கையில் ஒரு துணிப்பை தட்டுப்பட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். இரண்டு சட்டை, சுருட்டிய காலுறை, பல் துலக்கும் பிரஷ், வீட்டில் எல்லாரும் சேர்ந்து நிற்கும் போட்டோ. அதற்கு மேல் தோண்டித் துருவ மனம் வராமல் பையைத் தள்ளி வைத்தாள். பள்ளியில் சுற்றுலா எதுவும் இல்லை என்று வகுப்பு டீச்சர் கையை விரித்துவிட்டார்.

“அவகிட்டயே கேட்டுடட்டுமா?” என்று அவள் கேட்டதற்கு, “வியாழக்கிழமை வரைக்கும் விடேன். அந்த நாள் நல்லபடியா போகட்டும்” என்றார் அட்டவணைக்காரர், பென்சிலைச் சீவிக்கொண்டே.

வியாழக்கிழமை, சுண்டு வந்த நாள். மூன்று வருடங்களுக்கு முன், ஆறு வயதில், குழந்தைகள் இல்லத்திலிருந்து இவர்கள் வீட்டுக்குத் தத்துப் பிள்ளையாக வந்தாள். அதில் ஒளிவு மறைவு கிடையாது. அவளுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். பிறந்த நாளுக்கு ஒரு கேக், வந்த நாளுக்கு ஒரு கேக் என்று வருடத்துக்கு இரண்டு கேக் வெட்டுகிற ஒரே பிள்ளை அந்தத் தெருவில் அவள்தான்.

*

விலங்குக் காட்சிசாலை வாசலில் நாத்தனார் ஒரு பெரிய உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். அட்டவணைக்காரரின் அக்கா, காப்பீட்டு முகவர். யாரைப் பார்த்தாலும் “புதுப்பிச்சாச்சா?” என்பதுதான் அவர் வணக்கம்.

“வந்த நாளுக்கு நாலு நாள் முன்னாடியே அத்தை பரிசு. உள்ள போய்த்தான் பிரிக்கணும்.”

“என்னது அண்ணி அது?” என்றாள் லிஃப்ட்டம்மா.

“உனக்கு எதுக்கு? உனக்கா வந்த நாள்?”

சிங்கம், ஒட்டகச்சிவிங்கி என்று எதுவும் அங்கே கிடையாது. அந்த வட்டாரத்து ஆற்றிலும் புதரிலும் தாமாகவே வாழ்கிற விலங்குகள் மட்டும்தான். வண்டியில் அடிபட்டவை, கண்ணியில் மாட்டியவை, வெளியே விட்டால் பிழைக்காதவை. ஒரு கண் போன நீர்நாய், ஓடு உடைந்து ஒட்டுப் போட்ட ஆமை, இறக்கை மடங்காத ஆந்தை. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டே ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம்.

பறவைக் கூண்டுக்கு இரண்டு கதவுகள் இருந்தன. முதல் கதவைத் திறந்து உள்ளே போனால் ஆறடிக்கு ஒரு சின்ன அறை. முதல் கதவு முழுக்கச் சாத்தினால்தான் இரண்டாவது திறக்கும். லிஃப்ட்டம்மாவுக்குக் கை பரபரத்தது. குனிந்து அடியில் பார்த்தாள்.

“இங்க பாரு சுண்டு. இந்தக் கதவோட தாழ்ப்பாள் கடைசி வரைக்கும் விழுந்தாத்தான் இந்தக் கம்பி நகரும். கம்பி நகர்ந்தாத்தான் அந்தக் கதவோட கொக்கி விடும். கரண்டே வேண்டாம். லிஃப்ட்லயும் இதே கதைதான். லிஃப்ட் வந்து நிக்காம மாடிக் கதவு திறக்கக் கூடாது இல்ல?”

சுண்டு இரண்டு கதவுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டும் சாத்தியிருக்கும்போது நடுவுல நிக்கிறவங்க எங்க இருக்காங்கம்மா? உள்ளயா, வெளியயா?”

“நடுவுல.”

“அது தெரியுது. எந்தக் கணக்குல சேர்ப்பாங்க?”

“பறவைதான் வெளிய போகக் கூடாது. மனுஷங்களை யார் கணக்கு பார்க்குறாங்க?” என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டம்மா மறுபடி கம்பிக்குள் தலையை விட்டாள். கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

*

முள்ளம்பன்றி தூங்கிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் தூங்கி இரவில் இரை தேடும் பிராணி. அதன் வளைக்குள் மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு வெளிச்சம் அதன் கண்ணுக்கு அவ்வளவாகத் தட்டுப்படாது. அதைப் பொறுத்தவரை அது இருட்டு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிற நமக்கோ முதுகு முள் ஒவ்வொன்றும் தெரியும். ஒருவரை எழுப்பாமல் பார்ப்பதற்கு இப்படி ஒரு தந்திரம்.

“என்ன இது, நான் இவ்வளவு தூரம் வந்தா முதுகைக் காட்டிட்டுப் படுத்திருக்கு?” என்றார் நாத்தனார்.

“அது முதுகைக் காட்டினா கோவமா இருக்குன்னு அர்த்தம் அத்தை. முன்னாடி வந்து குத்தாது. பின்பக்கமாவே ஓடி வந்து குத்தும்.” சுண்டு முந்தின நாளே புத்தகத்தில் படித்திருந்தாள். “அதுக்கு முன்னாடி வாலைக் குலுக்கும். வால் முள்ளு உள்ள காலியா இருக்கும். கிலுகிலுன்னு சத்தம் வரும். சத்தம் கேட்டும் போகலைன்னாத்தான் குத்தும்.”

“முள்ளை எடுத்து எய்யும்னு சொல்வாங்களே?”

“சும்மா. லூசா இருக்கும், பட்டா ஒட்டிக்கும்.”

கண்ணாடிக்குக் கீழே ஒரு பணியாளர் குந்தி உட்கார்ந்து ஓர் அலுமினியத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் புதுத் தகடு சாய்த்து வைத்திருந்தது. நாத்தனார் உறையைப் பிரித்துத் தங்க விளிம்பு போட்ட ஒரு தாளைச் சுண்டுவின் கையில் கொடுத்தார். தத்துச் சான்றிதழ்.

“இந்த முள்ளம்பன்றி இனி உன்னோடது. நீ தத்து எடுத்திருக்க. நம்ம வீட்டுக்குத் தத்து எடுக்குறது என்ன புதுசா?” என்று சிரித்தார்.

லிஃப்ட்டம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் சுண்டு சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. புதுத் தகட்டை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தாள். “தத்தெடுத்தவர்: சுண்டு. ஓராண்டுக்கு மட்டும்.”

பிறகு பணியாளரிடம் போனாள். “பழைய தகடுல யார் பேரு?”

“ஒரு பல் டாக்டர் குடும்பம் பாப்பா.”

“அவங்க ஏன் திருப்பிக் குடுத்துட்டாங்க?”

“திருப்பிக் குடுக்கலை. வருஷம் முடிஞ்சுது, புதுப்பிக்கலை. அவ்வளவுதான்.” கடைசி ஸ்குரூவும் கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

சுண்டு அந்த ஸ்குரூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பக்கம் திரும்பியபோது அவள் குரலில் அழுகை இல்லை. கடைக்காரரிடம் பேனா இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டாள்.

“எனக்கு வியாழக்கிழமைதானே முடியுது? இந்த வருஷம் புதுப்பிச்சாச்சாம்மா?”

*

லிஃப்ட்டுக் குழிக்குள் விளக்கு அணைந்தால் ஒரு கணம் கை கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. லிஃப்ட்டம்மா அப்படி நின்றாள்.

“எது கண்ணு முடியுது?”

“நான். போன ரெண்டு வருஷமும் வந்த நாள் வாரத்துல ஃபைல் ஆன்ட்டி வந்தாங்க. என்னைக் கேள்வி கேட்டாங்க, நீ கையெழுத்துப் போட்ட, அப்புறம் கேக் வெட்டினோம். இந்த வருஷம் ஃபைல் ஆன்ட்டி வரவே இல்ல. அதான்.”

ஃபைலோடு வந்தவர் அரசாங்க அதிகாரி. தத்துக் கொடுத்த பிறகு முதல் இரண்டு வருடம், வருடத்துக்கு ஒரு தடவை வந்து குழந்தை எப்படி இருக்கிறாள் என்று பார்த்து எழுதிக்கொண்டு போவது சட்டம். இரண்டு வருடம் முடிந்தது. வர வேண்டிய வேலையும் முடிந்தது. இனி வர மாட்டார் என்பது நல்ல செய்தி. அந்த நல்ல செய்தியைப் பெரியவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சந்தோஷப்பட்டார்களே ஒழிய, சம்பந்தப்பட்டவளிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போதாக்குறைக்கு அதே வாரத்தில் கேக் வேறு.

“கையெழுத்துப் போட்டா புதுப்பிக்கிறதுன்னு உனக்கு யார் சொன்னா?”

சுண்டு சான்றிதழின் தங்க விளிம்பைத் தடவினாள். ஆனால் கண் ஒரே ஒரு தடவை அத்தை பக்கம் போய் வந்தது.

போன வருடத்துக் கேக்கும் அதன் பக்கத்தில் நின்ற நாத்தனாரும் லிஃப்ட்டம்மாவின் கண்ணுக்குள் வந்தார்கள். ‘கையெழுத்து விழுந்தாச்சு. இனி ஒரு வருஷத்துக்குக் கவலை இல்ல.’ எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

“அண்ணி.”

“நான் விளையாட்டுக்குச் சொன்னேன்மா. என் வாயில வர்றது அதுதானே, தொழில் அப்படி.”

“உங்க தொழிலை வாசல்ல செருப்போட சேர்த்துக் கழட்டி வெச்சுட்டு வர முடியாதா? ஒரு வருஷமா இந்தப் பொண்ணு நாள் எண்ணிக்கிட்டு இருந்திருக்கா. பையைக் கட்டிக் கட்டிலுக்கடியில வெச்சிருக்கா. அதுக்கு மேல நீங்க ஒரு சான்றிதழ் வேற கொண்டு வந்து நீட்டுறீங்க, ஓராண்டுக்கு மட்டும்னு.”

“பையா? என்ன பை?”

“கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. நானும் இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

அவள் சுண்டுவின் முன்னால் குந்தினாள். என்ன சொல்வது? அழகான வார்த்தை எதுவும் அகப்படவில்லை. தெரிந்ததைச் சொன்னாள்.

“ஸ்குரூவுக்கும் ரிவெட்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“ஸ்குரூ கழட்டி மாட்டலாம். ரிவெட் அடிச்சா அடிச்சதுதான்.”

“நீ எது?”

சுண்டு யோசித்தாள். “ரிவெட்டையும் டிரில் போட்டு எடுக்கலாம்னு நீதானே சொன்ன.”

“எடுத்தா தகடு கிழிஞ்சுடும்னும் சொன்னேன்ல? நாங்கதான் தகடு. உனக்கு முடியுற தேதி கிடையாது. ஃபைல் ஆன்ட்டி வராதது, இனிமே பார்க்க ஒண்ணும் இல்லைன்னுதான். நடுவுல நிக்கிறவ இல்ல நீ. கதவு ரெண்டையும் தாண்டி உள்ள வந்து மூணு வருஷம் ஆச்சு.”

சுண்டு தலையை ஆட்டினாள். நம்பினாளா, அம்மாவுக்காக ஆட்டினாளா என்று சொல்ல முடியாத ஆட்டல். பிறகு கண்ணாடிப் பக்கம் கை நீட்டினாள். “அப்ப அதுக்கு?”

அதற்குள் பணியாளர் புதுத் தகட்டை முடுக்கிவிட்டிருந்தார். நட்சத்திரத் தலை ஸ்குரூ நான்கு. வருகிறவர் போகிறவர் கழற்றாமல் இருக்கப் போடுவது. அந்தத் தலைக்குப் பொருந்தும் முனை லிஃப்ட்டம்மாவின் கைப்பையில் இருந்தது. சுண்டு கேட்டு முடிப்பதற்குள் இரண்டு ஸ்குரூ கழன்றுவிட்டது.

“அம்மா, நான் அந்தப் பக்கம் ஆமைக்குத் தண்ணி மாத்தப் போறேன். நான் எதையும் பார்க்கலை” என்று பணியாளர் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

*

மேலாளர் நல்ல மனிதர். மேசை மேல் வைத்த தகட்டைப் பார்த்தும் சிரித்தபடியே இருந்தார். அதுதான் எரிச்சலாக இருந்தது.

“எல்லா இடத்துலயும் தத்துன்னுதாங்க சொல்றாங்க. தீனிச் செலவுக்கு உதவுங்கன்னு எழுதினா யாரும் திரும்பிப் பார்க்கிறதில்ல. தத்துன்னு போட்டா மனசு இளகும்.”

“எங்க வீட்டு வார்த்தையை எடுத்து உங்க சுவத்துல ஒட்டி மனசை இளக்குறீங்க.”

“ஒரு வார்த்தைதானேம்மா.”

“ரெண்டரை வருஷம் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி வாங்கின வார்த்தை சார் அது. அதுக்குப் பக்கத்துல ஓராண்டுக்கு மட்டும்னு எழுத உங்களுக்கு யார் உரிமை குடுத்தா? தீனி குடுக்குறவங்கன்னு போடுங்க. உதவுறவங்கன்னு போடுங்க. வருஷா வருஷம் மாத்துங்க, யார் வேண்டாம்னது? தத்துன்னா மாத்தக் கூடாது. மாத்துறதா இருந்தா தத்துன்னு சொல்லக் கூடாது.”

“குறைநிறைப் புத்தகத்துல எழுதிட்டுப் போங்க. அடுத்த கமிட்டியில வைக்கிறேன்.”

“கமிட்டி எப்ப கூடும்?”

“வருஷத்துக்கு ஒரு தடவை.”

லிஃப்ட்டம்மா வாலைக் குலுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியபோது, அதுவரை கதவோரமாக நின்ற நாத்தனார் முன்னால் வந்தார். கையில் அந்தச் சான்றிதழ், மூக்கில் கண்ணாடி. தாளைப் புரட்டிப் பின்பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்திருந்தார். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காமல் எந்தத் தாளையும் அவர் கீழே வைத்ததில்லை. இதை மட்டும் ஆசையில் படிக்காமல் விட்டிருந்தார்.

“ஆறாவது விதி சார். ‘பலகையில் இடம்பெறும் வாசகம் வழங்குபவரின் விருப்பப்படி அமையும்.’ உங்க கையெழுத்துத்தானே கீழ?”

மேலாளர் வாங்கிப் படித்தார். சிரிப்பு முதல் தடவையாகச் சற்று இறங்கியது. “அது… பேர் எப்படிப் போடணும்னு சொல்றதுக்காக…”

“பேருன்னு போடலியே. வாசகம்னு போட்டிருக்கீங்க. இருபத்தி ரெண்டு வருஷமா இதுதான் சார் என் வேலை. வழங்கினது நான். என் விருப்பம் இவ விருப்பம்.” சுண்டுவைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். “சொல்லு, என்ன எழுதணும்?”

மூன்று பெரியவர்களும் காத்திருந்தார்கள். சுண்டு அவசரப்படவில்லை.

“பல் டாக்டர் பேர் போனப்போ முள்ளம்பன்றியை எங்கயாவது அனுப்பினீங்களா?”

“இல்லம்மா. அது எங்கயும் போகாது. அதுக்கு ஒரு கால் நொண்டி. கடைசி வரைக்கும் இங்கதான்.”

“அதை எழுதலாம்ல? அதுக்கு இது தெரியாது. படிக்கிறவங்களுக்காவது தெரியட்டும்.”

மேலாளர் பேனாவைத் திறந்தார். சுண்டு சொல்லச் சொல்ல, நான்கு வரியில் எழுதிக்கொண்டார்: ‘இந்த முள்ளம்பன்றி இங்கேதான் இருக்கும். தகடு மாறும். இது மாறாது. தீனிக்கு இந்த வருடம் உதவுகிறவர்: அத்தை.’

“என் பேரா?” என்றார் நாத்தனார்.

“நீங்கதானே குடுத்தீங்க?” என்றாள் சுண்டு.

வெளியே வந்ததும் நாத்தனார் தம்பி மனைவியின் கையைப் பிடிக்க வந்தார். லிஃப்ட்டம்மா கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

“அண்ணி, ஆறாவது விதிக்கு நன்றி. ஆனா ஒரு வருஷக் கணக்கு அதுல தீராது. இன்னும் எனக்கு ஆறலை.”

“ஆற வேண்டாம். திட்டு. நான் வீட்டுக்கு வந்தே திட்டு வாங்கிக்கிறேன்.”

“வியாழக்கிழமை வாங்க. வாயைத் திறக்கிறதா இருந்தா கேக் சாப்பிட மட்டும்.”

1.35 வண்டி, அட்டவணைக்காரர் எழுதியபடியே, ஒரு நிமிடம் பிசகாமல் வந்தது.

*

வீட்டுக்குள் நுழைந்ததும் சுண்டு யாரும் சொல்லாமலே கட்டிலுக்கடியில் புகுந்து பையை இழுத்தாள்.

“இதைப் பிரிச்சுடலாமாம்மா?”

“பிரிச்சுடலாம். நான் கேக்காமயே நீ சொன்னியே.”

சட்டைகள் அலமாரிக்குப் போயின. போட்டோ மேசைக்குப் போனது. பிரஷை எடுத்துக்கொண்டு சுண்டு குளியலறைக்கு ஓடினாள். ஒரு வாரமாக விரலால் பல் துலக்கியிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. லிஃப்ட்டம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. காலையிலிருந்து எரிந்த எரிச்சல் மெல்ல அடங்குவது போலிருந்தது.

சுருட்டி வைத்த காலுறையை உதறினாள். உள்ளேயிருந்து ஒரு துண்டுச் சீட்டு தரையில் விழுந்தது.

கூரான பென்சில். எறும்பு ஊர்வது போன்ற எழுத்து.

‘7.40 ஏறுக. ஆறாம் நிறுத்தம் இறங்குக. 8.05 அடுத்த வண்டி. கடைசி நிறுத்தம். எதிரே இல்லத்தின் கேட்.’

மேலே தேதி, பத்து நாளைக்கு முன்னால். பையை அவள் பார்ப்பதற்கும் முன்னால்.

திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெற்றுத் தாள்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. பணிமனையிலிருந்து வந்த அட்டவணைக்காரர், “வண்டியெல்லாம் நேரத்துக்கு வந்துதா?” என்று கேட்டபடி உள்ளே வந்தார். மனைவியின் கையில் இருந்த சீட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

குளியலறையில் சுண்டு பல் துலக்கிக்கொண்டே பாடும் சத்தம் கேட்டது. லிஃப்ட்டம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“இதுல திரும்பி வர்ற வண்டி எங்கங்க?”

(தொடரும்)